வீட்டுப் பாம்புக்கு நீங்களே பெட்டி செய்யலாமா? சூடு, பூட்டு, சட்டம்: தெரிஞ்சுக்க வேண்டியவை

ஜெஞ்சாரோம் போன்ற செம்பனைத் தோட்டம் சூழ்ந்த ஊரில் பாம்பு புதுசு இல்லை. வீட்டுக்குள் புகுந்தால் பொம்பாவையோ பொதுத் தற்காப்புப் படையையோ கூப்பிடுவோம். ஆனா பாம்பைச் செல்லப்பிராணியா வளர்க்க நினைக்கிறவங்களும் இருக்காங்க. நீங்களும் அதில் ஒருவரா? பாம்பை வாங்கும் முன்பே பெட்டி தயாராகிவிட வேண்டும்.

முதலில் சட்டம்

தோட்டத்தில் பிடிபட்ட மலைப்பாம்பைக் கொண்டு வந்து வளர்ப்பது குற்றம். மலாயில் 'சாவா' எனப்படும் அந்தப் பாம்பு, 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட இனம். கடையில் விற்கும் ஆப்பிரிக்க 'பால் பைதான்' அனைத்துலக வணிகக் கட்டுப்பாட்டில் உள்ளது. எந்த இனமானாலும், பணம் கொடுக்கும் முன் பெர்ஹிலித்தானிடம் உரிமம் பற்றிக் கேட்டுவிடுங்கள்.

எவ்வளவு பெரிய பெட்டி?

வளர்ந்த பால் பைதானுக்கு 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் போதும். 15 முதல் 18 மில்லிமீட்டர் பலகை எடுங்கள். உள்பக்கம் நீர் கலந்த வார்னிஷ் பூசி, மூலைகளை சிலிக்கோனால் அடையுங்கள். வாசனை முழுக்கப் போகும் வரை, ஓரிரு வாரமானாலும், காயவிடுங்கள். காற்றுத் துளைகளுக்கு உள்பக்கமாகக் கம்பிவலை அடிக்க வேண்டும். தண்ணீர்க் கிண்ணமும், ஒளிந்துகொள்ள சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று என இரண்டு மறைவிடங்களும் தேவை.

நம்ம ஊர் வெயிலில் ஹீட்டர் எதற்கு?

நல்ல கேள்வி. பாம்பால் தன் உடல் சூட்டைத் தானே உண்டாக்க முடியாது. அதனால் பெட்டிக்குள் ஒரு பக்கம் சூடாகவும், மறுபக்கம் குளிராகவும் இருக்க வேண்டும். பால் பைதானுக்குச் சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 25 முதல் 27 டிகிரி. ஏர்கோன் அறையிலும் மழை இரவிலும் ஹீட்டர் தேவைப்படும்.

ஆனா இங்கே பெரிய ஆபத்து குளிர் இல்லை, சூடுதான். ஜிங்க் கூரைக்குக் கீழே, ஜன்னல் வெயிலில் பெட்டியை வைத்தால் மதியத்தில் உள்ளே அடுப்பு மாதிரி ஆகிவிடும். தப்பிக்க இடமில்லாத பாம்பு செத்துப் போகலாம்.

ஆகவே தெர்மோஸ்டாட் இல்லாமல் ஹீட்டரை இயக்கவே கூடாது. அது சூடு ஏறியதும் மின்சாரத்தை நிறுத்தும். செராமிக் ஹீட்டர் என்றால் சுற்றிலும் கம்பிக்கூடு போடுங்கள். பாம்பு அதில் சுற்றிக்கொண்டால் தோல் வெந்துவிடும். 'சூடான கல்' வேண்டவே வேண்டாம். இரண்டு பக்கமும் தனித்தனி வெப்பமானி வையுங்கள். மின்வயரிங் தெரியாதென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

தப்பிக்காம இருக்க

பாம்பு மூக்கால் தள்ளிக்கொண்டே இருக்கும். தலை நுழைந்தால் உடலும் நுழைந்துவிடும். மேலே தூக்கும் மூடியை விட, முன்னால் நகரும் கண்ணாடிக் கதவு நல்லது. அதற்குப் பூட்டு கட்டாயம். வயர் போகும் ஓட்டை வயரின் அளவுக்கு மேல் இருக்கக் கூடாது. டேப் ஒட்டி அடைக்காதீர்கள். அது பாம்பின் செதிலில் ஒட்டிக்கொள்ளும்.

பாம்பை விடும் முன்

பாம்பு இல்லாமல் 2 நாள் பெட்டியை இயக்கிப் பாருங்கள். மதியம், நள்ளிரவு, விடியற்காலை என மூன்று வேளையும் வெப்பத்தைக் குறித்து வையுங்கள். எண்கள் சரியாக நின்றால்தான் பாம்பு உள்ளே போகலாம்.

அப்படியும் தப்பித்துவிட்டால்? கதவுகளை மூடி, அடியில் துண்டை அடையுங்கள். ஃபிரிட்ஜ் பின்புறம் போன்ற வெதுவெதுப்பான இடங்களில் தேடுங்கள். பக்கத்து வீட்டாரிடம் மறைக்காதீர்கள். அது விஷமில்லாத வளர்ப்புப் பாம்பு என்று தெரியாதவர் கட்டையைத்தான் எடுப்பார். பிடிக்க முடியாவிட்டால் 999க்கு அழையுங்கள்.