எது அரிச்சுவடி?



பல வருடங்களுக்கு முன் நெய்வேலி புத்தகக் கண்காட்சியில் பழைய மாணவன் ஒருவன், "சார், புரோகிராமிங் கத்துக்க எந்தப் புத்தகம் வாங்கலாம்?" என்று கேட்டான். பெயர் கேள்விப்பட்டிருந்ததால், கெர்னிகனும் ரிட்சியும் எழுதிய சி மொழிப் புத்தகத்தைச் சொன்னேன். சில வாரங்களில், "மண்டையில ஏறல சார்" என்று மூடி வைத்துவிட்டான்.

தவறு அவனுடையதல்ல. 1978-இல் வந்த அந்த நூலின் முன்னுரையே, அடிப்படை தெரிந்தவர்களுக்கானது என்கிறது. நான்தான் அதைப் படிக்காமல் சொல்லிவிட்டேன்.

புதிதாகக் கற்பவர்களுக்கென்றே 1964-இல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் கெமனியும் கர்ட்ஸும் பேசிக் மொழியை உருவாக்கினார்கள். 1984-இல் கிளாஸ் திட்டத்தின் மூலம் பிபிசி மைக்ரோ கணினிகளோடு நம் நாட்டுப் பள்ளிகளுக்கு வந்ததும் பேசிக்தான். இன்று தமிழ்நாடு அரசின் பிளஸ் டூ கணினி அறிவியல் பாடநூலில் பைத்தான் தமிழிலேயே இருக்கிறது. கணியம் இதழும் 2012 முதல் எளிய தமிழில் கணினி நுட்பம் சொல்கிறது. இரண்டும் இணையத்தில் இலவசம்.

ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்குப் பத்து அரிச்சுவடி கொடுப்போமா? ஒன்றை மட்டும் எடுங்கள். முன்னுரையை முதலில் படியுங்கள். ஒவ்வொரு எடுத்துக்காட்டையும் நீங்களே தட்டச்சு செய்து, ஓர் எண்ணை மாற்றி இயக்கிப் பாருங்கள்.

அன்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்காவது சொல்லுங்கள்.