அவைமுன் வைத்த யாழ்

ஒரு நூலை எழுதியவரின் பெயரை மட்டும் நம்பி ஏற்காமல், துறையறிந்தோர் அவையில் ஓதச் செய்து, ஐயங்களுக்கு விடை பெற்ற பின்னரே ஏற்கும் வழக்கத்தை அரங்கேற்றம் என்பர். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன் அரங்கேறியதாக அதன் சிறப்புப்பாயிரம் கூறுகிறது. இன்றைய ஆய்விதழ்கள் கட்டுரையை அச்சிடுமுன் துறைவல்லாரிடம் அனுப்பிக் கருத்தறியும் சகமதிப்பாய்வும் இதே நோக்கமுடையதே. ஆனால் அதில் மதிப்பிடுபவர் பெரும்பாலும் பெயர் மறைந்திருப்பார், அரங்கேற்றத்திலோ வினவுபவரும் விடையிறுப்பவரும் நேருக்கு நேர் அமர்வர்.

இவ்வழக்கம் அச்சுக்காலத்திலும் உயிரோடிருந்ததற்கு, மட்டக்களப்பு வாவிக்குத் தெற்கே காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகளின் 'யாழ்நூல்' தலைசிறந்த சான்றாகும். மட்டக்களப்பு வாவியில் நிலவிரவுகளில் நீருக்கடியிலிருந்து எழும் ஒலியை, 1848இல் கேட்ட இலங்கைப் பிரித்தானிய அரசின் செயலர் எமர்சன் தெனன்ட், சிப்பி, நத்தை போன்ற ஓட்டுயிர்களின் ஓசையெனக் கருதினார். ஊரார் பாடும் மீன் என்றனர். அடிகள் அதனை நீரரமகளிரின் பாடலாகக் கவிதையில் வடித்தார். கவிதையில் இவ்வாறு கற்பனைக்கு இடங்கொடுத்த அவர், வழக்கொழிந்த யாழை மீட்டெடுக்கும் ஆய்வில் அதற்கு இடந்தரவில்லை. அறிவியல் பட்டதாரியாகிய அவர், சுருதியின் சிற்றளவாகிய அலகைக் கணக்கிட்டே நரம்புகளை வகுத்தார்: குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2 என ஏழிசைக்கும் கூட்டுத்தொகை 22 ஆகும். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட 'கருணாமிர்த சாகரம்' 24 சுருதிகளை நிறுவ முயன்றதாதலால், இசையறிந்த எவரும் இரு கணக்குகளையும் ஒருங்கே வைத்துக் கூட்டிக் கழித்துப் பார்க்க இயலும். ஆய்வாளன் படிப்போர்க்குத் தரவேண்டிய முதல் உரிமை இதுவே.

கரந்தைத் தமிழ்ச் சங்கம் அந்நூலை வெளியிட்டதோடு, 1947 ஜூன் 5, 6 நாள்களில், திருஞானசம்பந்தர் ஓடம் செலுத்திய பதிகத்தால் புகழ்பெற்ற திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் புலவரும் இசைவாணரும் கூடிய அவையில் அதனை அரங்கேற்றியது. நூலின் கணக்குப்படி செய்யப்பட்ட யாழ்கள் அங்கே மீட்டப்பட்டமையால், ஏட்டில் எண்ணாக இருந்தவற்றை அவையோர் செவியாலும் சோதிக்க முடிந்தது. பதிப்பாளர் தம் கடமையை அச்சகத்து வாயிலோடு முடித்துக்கொள்ளாத இச்செயல் பெரிதும் போற்றத்தக்கது.

ஆறு வாரங்களில், ஜூலை 19ஆம் நாள், அடிகள் மறைந்தார். அவரது உடல் மட்டக்களப்பு கல்லடி உப்போடைச் சிவானந்த வித்தியாலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அதன்பின் யாழைப் பற்றி எழுந்த வினாக்களுக்கு, அவர் எழுதிவைத்த அலகுகளும் அளவுகளுமே விடையிறுக்க வேண்டியதாயிற்று.