சமையல் மேடைக் கல்லில் இணைப்பின் இடம்: வெட்டும் ஒட்டும் குறித்த ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

தமிழ்நாட்டு வீடுகளில் சமையலறையைப் புதுப்பிக்கும்போது முதலில் பேசப்படுவது கல்லின் நிறம். அடுத்தது சதுர அடி விலை. கல்லை எங்கே வெட்டுவது, இரண்டு துண்டுகள் எந்த இடத்தில் சேர்வது என்ற பேச்சு பெரும்பாலும் எழுவதேயில்லை. வேலை நாளன்று மேஸ்திரி கல்லின் மேல் கோடு போடும்போதுதான் வீட்டார் அதைப் பார்க்கிறார்கள். இந்த ஆய்வு அந்தக் கோட்டைப் பற்றியது.

மேடை எத்தனை காலம் விரிசலின்றி நிற்கும் என்பதைக் கல்லின் விலையைவிட இணைப்பின் இடமே அதிகம் தீர்மானிக்கிறது என்பது என் முடிபு. 'ஒட்டே இல்லாத ஒரே கல்' என்று பெருமைப்படுவதில் பொருளில்லை. இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும் ஒட்டு, கல்லைக் காக்கிறது. 18 முதல் 20 மி.மீ. தடிமனுள்ள கல் பதித்த, 'ட' வடிவ மேடையை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். நேர்மேடையில் இந்தச் சிக்கல் குறைவு. 'ப' வடிவத்தில் இதே சிக்கல் இருமுறை வரும்.

2. கல்லின் இயல்பு

கடையில் கிரானைட் என்று விற்பதெல்லாம் நிலவியலார் சொல்லும் கிரானைட் அல்ல. திண்டிவனம் பக்கத்துக் குன்னம் கறுப்பு போன்ற கருங்கற்கள் டோலரைட் வகையைச் சேர்ந்தவை. குவார்ட்ஸ் மிகக் குறைவு, எடை சற்று அதிகம். கடப்பாக் கல்லோ சுண்ணாம்புக்கல். புளியும் எலுமிச்சையும் பட்டால் அதன் மேற்பரப்பு அரித்து வெளிறிப்போகும். ஆகவே அதை அடியில் தாங்குபலகையாக வைத்து மேலே கிரானைட் பதிக்கும் நம்மூர் வழக்கத்தில் நல்ல காரணம் இருக்கிறது.

கல் நசுங்காது, ஆனால் வளைந்தால் உடையும். அழுத்தத்தைத் தாங்கும் வலிமையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் வளைவைத் தாங்க அதற்கு உண்டு. 20 மி.மீ. கல் சதுர அடிக்குச் சுமார் 5 கிலோ, கறுப்பு என்றால் ஐந்தரை. 8 அடி நீளம், 2 அடி அகலமுள்ள பலகை 80 முதல் 90 கிலோ வரை வரும். அதைப் படுக்கவைத்துத் தூக்கினால் தன் எடையிலேயே நடுவில் முறியக்கூடும். செங்குத்தாக நிறுத்தித் தூக்கும்போது வளைவை எதிர்க்கும் வலிமை, அகலத்துக்கும் தடிமனுக்கும் உள்ள விகிதப்படி, 600-ஐ 20-ஆல் வகுத்தால் வரும் 30 மடங்காக உயர்கிறது. கணக்குப் போடாமலே கல் தூக்குவோர் கைக்கொள்ளும் உண்மை இது.

இதே காரணத்தால்தான் பெரிய பலகையிலிருந்து 'ட'வை முழுதாக அறுத்தெடுப்பது தவறாகிறது. இரு கைகளும் சந்திக்கும் உள்மூலையில் இழுவிசை குவிகிறது. லாரியின் ஒரு குலுக்கலோ மாடிப்படியின் ஒரு திருப்பமோ போதும், விரிசல் அங்கிருந்தே கிளம்பும். சேதாரமும் அதிகம். ஒரு கை 8 அடி, மறு கை 6 அடி என்றால் 48 சதுர அடிப் பலகை வேண்டும். மேடையோ 24 சதுர அடிதான். சரிபாதி வீண். 8 அடித் துண்டும் 4 அடித் துண்டும் என இரண்டாகப் பிரித்தால் கழிவு ஏறக்குறைய இல்லை, ஆபத்தான அந்த உள்மூலையும் இல்லை.

3. அளவு

சுவர்கள் சந்திக்கும் மூலை சரியாக 90 பாகை என்று நம்பி அறுப்பதே பெரும்பாலான கோணல்களுக்குத் தொடக்கம். ஒரு சுவரில் 3 அடியும் மறு சுவரில் 4 அடியும் குறித்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு பாகை விலகினாலும் 2 அடி அகலத்தில் 3 நூலுக்கு மேல் இடைவெளி விழும். (அங்குலத்துக்கு 8 நூல் என்ற கணக்கு கட்டடத் தொழிலில் இன்றும் உயிரோடிருப்பது எனக்கு மகிழ்ச்சி, ஒட்டின் நேர்த்தியை அளக்க அதைவிட வசதியான அளவு இல்லை.) அடிச்சுவரும் கடப்பாப் பலகையும் அமைந்து, ரசமட்டம் பார்த்த பிறகே, அட்டையிலோ மெல்லிய பிளைவுட்டிலோ மாதிரி வெட்டி அதைக் கல்லின் மேல் வைத்துக் கோடிட வேண்டும்.

4. இணைப்பின் இடம்

விலக்க வேண்டிய இடங்களை முதலில் சொல்லிவிடலாம். சிங்க்குக்காகத் துளைத்த கல்லில் முன்னும் பின்னும் மெல்லிய பட்டைகளே எஞ்சும். அங்கே ஒட்டும் வந்தால் தாங்க எதுவும் இராது. அடுப்பருகே கூடாது என்பதற்குக் காரணம் வேறு. சாதாரண வெப்பத்தில் இறுகும் எப்பாக்சி பசைகள் பல, 60 பாகை செல்சியஸ் அளவிலேயே இளகத் தொடங்குபவை. கொதிக்கும் குக்கரை இறக்கி வைக்கும் இடத்தில் ஒட்டு இருக்கலாகாது. இணைப்புக் கோட்டின் நேர் கீழே தாங்குசுவர் இருப்பது நல்லது. சுவரின் இடத்தைத் தீர்மானிக்கும்போதே இணைப்பும் தீர்மானமாக வேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படும். வரிசை தலைகீழானால் திருத்த வழியில்லை.

'ட' மேடைக்கு இரண்டு முறைகள் உண்டு. நீளத் துண்டு மூலைவரை ஓட, குட்டைத் துண்டு அதன் பக்கவாட்டில் வந்து முட்டுவது ஒன்று. இரண்டையும் 45 பாகையில் சீவி மூலைவிட்டமாகச் சேர்ப்பது மற்றொன்று. இரண்டாவது பார்வைக்கு அழகு. ஆனால் இணைப்பின் நீளம் 24 அங்குலத்திலிருந்து 34 ஆகிறது. முன் சொன்ன மேடைக்கு 24-க்குப் பதில் 28 சதுர அடி கல் வேண்டும். கூரிய முனைகள் தூக்கும்போதே உதிர்கின்றன. முட்டு இணைப்பையே நான் பரிந்துரைக்கிறேன்.

இங்கிலாந்தில் வீட்டுக்காரர்களே செய்யும் மேடைகள் பல, லேமினேட் ஒட்டிய 38 மி.மீ. மரத்துகள் பலகையாலானவை. அவற்றின் முன்விளிம்பு உருண்டிருப்பதால் நேராக முட்டினால் பொருந்தாது. ஆகவே முன்னால் சிறிதளவு மட்டும் 45 பாகையில் வெட்டி, மீதியை நேராக விடுகிறார்கள். அந்த மர வேலைக்கு அங்கே வழங்கும் பெயரின் பொருள், கல்தச்சரின் மூலைவெட்டு என்பது! கல்லில் தோன்றிய உத்தி மரத்துக்குப் போயிருக்கிறது. நம் மேடையிலும் விளிம்பை உருட்டி நோசிங் செய்தால் அதே சிக்கல் எழும். உள்மூலைக்கு 2 அங்குலம் முன்பே உருட்டலை நிறுத்தி, ஒட்டு இறுகிய பின் அந்த இடத்தைக் கையால் தேய்த்து முடிப்பது எளிய தீர்வு.

5. வெட்டு

மாமல்லபுரத்துப் பாறைகளில் வரிசையாக ஆப்புக் குழிகளைக் காணலாம். குழியிட்டு ஆப்பிறக்கிப் பாறையைப் பிளந்தார்கள். கல் தன் பலவீனமான தளத்தில் தானே பிரிந்தது. இன்றைய டைமண்ட் பிளேடு அதற்கு நேர்மாறானது. அதில் பற்கள் இல்லை. உலோகத்தில் புதைந்த வைரத் துகள்கள் கல்லைத் தேய்த்துப் பொடியாக்குகின்றன. 1950-களில் செயற்கை வைரம் உருவானதன் பயன், இன்று ஒவ்வொரு கல் மேஸ்திரியின் பையிலும் இருக்கிறது.

பளபளப்பான முகம் மேலே இருக்க வேண்டும். கோட்டின் மேல் டேப் ஒட்டி, முதல் ஓட்டத்தில் ஒரு நூல் ஆழம் மட்டும் கீற வேண்டும். பிறகு இரண்டு மூன்று ஓட்டங்களில் இறங்கலாம். வெட்டு முடியும் தறுவாயில் இரு துண்டுகளுக்கும் அடியில் முட்டு இல்லையென்றால் கடைசி அங்குலம் அறுபடாமல் பிய்ந்து வரும்.

சிங்க் துளையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பிளேடு வட்டமானது. கல்லின் அடிமுகத்தில் வெட்டு மூலையைத் தொட வேண்டுமானால், மேல்முகத்தில் அது மூலையைத் தாண்டி ஓடியாக வேண்டும். தாண்டிய அந்தக் கீறல்தான் விரிசலின் விதை. என் வீட்டு மேடையில் முன்பக்க மூலையில் அப்படி அரை அங்குலம் தாண்டியிருந்தது. இரண்டாம் ஆண்டில் அதிலிருந்து முன்விளிம்புவரை மயிரிழைக் கோடு ஓடியது. நான்கு மூலையிலும் முதலில் வட்டத் துளை போட்டு, துளையிலிருந்து துளைக்கு அறுத்திருந்தால் அது நேர்ந்திராது. வளைந்த மூலையில் விசை பரவிவிடும்.

தூசி, இதில் என் மனத்தை மிகவும் உறுத்தும் பகுதி. கிரானைட்டில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் குவார்ட்ஸ் இருக்கிறது. பிசினில் கட்டிய செயற்கைக் குவார்ட்ஸ் பலகைகளில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இருப்பதுண்டு. அதன் நுண்துகள் நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் நோயைத் தருகிறது. அந்நோயைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் செயற்கைக் கல் பலகைகளையே தடை செய்துவிட்டது. நம் வீடுகளிலோ தரை நனையும் என்று வீட்டாரே தண்ணீர் வேண்டாம் என்கிறார்கள்; அறுப்பவர் முகத்தில் ஒரு துண்டு கட்டிக்கொள்கிறார். துணி அந்தத் துகளைத் தடுக்காது. வாசலில் வைத்து, நீர் ஊற்றியபடி, உரிய முகக்கவசத்துடன் அறுக்கச் சொல்வது வீட்டாரின் கடமை.

6. ஒட்டு

சேரும் விளிம்புகளைத் தின்னரால் துடைத்து நன்றாகக் காயவிட வேண்டும். ஈரக் கல்லில் பசை பிடிக்காது. இடைவெளி 1 மி.மீ. போதும். 8 அடிக் கல் 20 பாகை சூடேறினாலும் அரை மி.மீ.க்கும் குறைவாகவே நீளும் என்பதால் பெரிய சந்து தேவையில்லை. வெள்ளை சிமென்டால் அடைப்பது பழைய பழக்கம். மஞ்சளும் எண்ணெயும் ஊறி ஒரு மாதத்தில் கோடு தெரியும். எப்பாக்சியில் அந்தக் கல்லின் பொடியையே குழைத்து, கறுப்பானால் கறுப்பு ஆக்சைடு சேர்த்து, மேல்மட்டத்துக்குச் சற்றே புடைக்க நிரப்ப வேண்டும். ஒரு நாள் இறுகவிட்டு, சவர பிளேடால் சீவி, பஃப் பிடிக்கலாம். நகத்தைக் குறுக்கே ஓட்டினால் தட்டக் கூடாது.

கல்லும் சுவரும் சேரும் கோட்டுக்கு மட்டும் எப்பாக்சி வேண்டாம். சுவர் வேறாக அசையும், கல் வேறாக அசையும். நெகிழும் சிலிகானே அங்கே பொருந்தும். சில ஆண்டுகளில் அது கறுத்துப் பிரியும். அப்போது பிளேடால் உரித்தெடுத்துவிட்டுப் புதிதாக இழுக்கலாம். கல்லைத் தொட வேண்டியதில்லை.