கல்நார் ஆய்வு

கல்நார் ஆய்வு என்பது, ஒரு கட்டடத்தில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்த பொருட்கள் எங்கு, எவ்வளவு, எந்நிலையில் உள்ளன என்பதைக் கண்டறிந்து பதிவு செய்யும் பணியாகும். மக்கள் புழங்கும் கட்டடங்களில் இது பாதுகாப்பு மேலாண்மையின் முதற்படியாகும். இக்கட்டுரை பிரித்தானிய நடைமுறையை விளக்குகிறது.

பின்னணி

கல்நார் தீயையும் வெப்பத்தையும் தாங்கும் இழைக் கனிமமாகும். இதன் நுண்ணிழைகளை மூச்சில் இழுப்பதால் மீசோதீலியோமா, நுரையீரல் புற்றுநோய் முதலியன, பெரும்பாலும் பல பத்தாண்டுகள் கழித்தே, தோன்றுகின்றன. பிரித்தானியாவில் நீல, பழுப்புக் கல்நார்கள் 1985 இலும் வெள்ளைக் கல்நார் 1999 இலும் தடை செய்யப்பட்டன. எனினும் தடைக்கு முன் கட்டடங்களில் சேர்ந்தவை அப்படியே இருந்துவிட்டன. ஆகவே 2000 ஆம் ஆண்டுக்கு முன் கட்டப்பட்ட எக்கட்டடத்திலும் கல்நார் இருக்கலாம் எனக் கொள்ளப்படுகிறது. சுவரில் துளையிடும் மின்பணியாளர், குழாய்ப் பணியாளர், தச்சர் ஆகியோர் அறியாமலே இழைகளை வெளிப்படுத்தும் வாய்ப்பு அதிகம்.

சட்டக் கடமை

2002 ஆம் ஆண்டு விதிமுறைகள் கல்நாரை மேலாண்மை செய்யும் கடமையை அறிமுகப்படுத்தின. அக்கடமை 2004 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. தற்போது இது 2012 ஆம் ஆண்டு விதிமுறைகளின் 4 ஆம் விதியில் உள்ளது. குடியிருப்பு அல்லாத கட்டடங்களுக்கும், அடுக்குமாடிகளின் படிக்கட்டு, நடைவழி போன்ற பொதுப் பகுதிகளுக்கும் இது பொருந்தும். பராமரிப்புப் பொறுப்பு உடையவரே கடமையாளர் ஆவார். கல்நார் முழுவதையும் அகற்ற வேண்டும் என்று சட்டம் கூறவில்லை என்பது பலரும் கவனிக்காத ஒன்று. நல்ல நிலையிலுள்ள பொருளைத் தொடாமல் கண்காணிப்பது, அதனைப் பெயர்த்தெடுப்பதை விடப் பல வேளைகளில் பாதுகாப்பானது.

வகைகள்

2001 ஆம் ஆண்டு வழிகாட்டியில் இருந்த மூன்று வகைகள் 2010 இல் இரண்டாக மாற்றப்பட்டன. மேலாண்மை ஆய்வு, அன்றாடப் பயன்பாட்டிலும் சிறு பராமரிப்பிலும் சேதமடையக்கூடிய பொருட்களைத் தேடுவது. புதுப்பித்தல் மற்றும் இடிப்பு ஆய்வு, சுவர்களையும் தளங்களையும் உடைத்துப் பார்ப்பது. எனவே அப்பகுதியில் ஆட்கள் இல்லாதபோதே செய்யப்படும். முதல் வகை அறிக்கையை வைத்துக்கொண்டு சுவரை இடிப்பது ஆபத்தானது. அந்த ஆய்வு சுவரின் உட்புறத்தைப் பார்த்திருக்காது.

செய்முறை

ஆய்வாளர் பொருளை நீரால் நனைத்து, சிறு துண்டை எடுத்துப் பையிலிட்டு, எடுத்த இடத்தை மூடிவிடுவார். மாதிரி ஆய்வகத்தில் முனைவாக்க ஒளி நுண்ணோக்கியால் சோதிக்கப்படும். பூட்டிய அறை, எட்டாத உயரம் என நுழைய இயலாத இடங்களில் கல்நார் இருப்பதாகவே கருதப்பட வேண்டும். மாறாகச் சான்று கிடைக்கும்வரை 'இல்லை' என எழுதக்கூடாது.

பின்னர் பொருளின் வகை, சேதம், மேற்பரப்பு, கல்நார் வகை ஆகிய நான்கிற்கும் மதிப்பெண் இடப்படும். கூட்டுத்தொகை 10 அல்லது அதற்கு மேல் எனில் இழைகள் வெளியாகும் வாய்ப்பு மிகுதி. 4 அல்லது அதற்குக் கீழ் எனில் மிகக் குறைவு. நம்மவர்க்குக் கூரையாக நன்கு அறிமுகமான சிமெண்டுத் தகட்டில் இழைகள் இறுகப் பிணைந்துள்ளன. வெள்ளைக் கல்நார் கொண்ட சேதமடையாத தகடு 3 மதிப்பெண்ணே பெறும். நீலக் கல்நார் கொண்ட, சிதைந்த, பூச்சற்ற குழாய்க் காப்புறை 12 பெறும்.

இம்மதிப்பெண் பொருளைப் பற்றியது மட்டுமே. அவ்விடத்தில் எத்தனை பேர் புழங்குகின்றனர், பொருள் எளிதில் கைக்கு எட்டுமா, எவ்வளவு அடிக்கடி பழுதுபார்க்கப்படுகிறது என்பவற்றைத் தனியே மதிப்பிட்டே முன்னுரிமை வகுக்கப்படும். பள்ளி நடைவழியிலுள்ள பலகையும், யாரும் செல்லாத பரணிலுள்ள அதே பலகையும் ஒன்றல்ல.

பதிவேடு

முடிவுகள் வரைபடத்துடன் கல்நார்ப் பதிவேட்டில் இடம்பெறும். பொருட்களைத் தொடக்கூடிய எந்தப் பணியாளருக்கும் வேலை தொடங்குமுன் அத்தகவலை அளிப்பது கடமையாளரின் பொறுப்பாகும். பதிவேடு அலுவலக அலமாரியில் இருக்க, துளையிடுபவர் அதனைக் காணாமலே வேலை செய்தால் அக்கடமை நிறைவேறியதாகாது. பட்டியலிலுள்ள பொருட்களின் நிலை வழக்கமாக ஆண்டுக்கு ஒருமுறையேனும் மீண்டும் பார்க்கப்படுகிறது. நீர்க்கசிவு, மோதல் போன்றவை நேர்ந்தால் உடனடியாகவும் பார்க்கப்படும்.