கொல்லையில் கோழிக்கூண்டு கட்டப் போறீங்களா? தகரமா, ஓலையா... எந்த வலை வாங்கணும்?

கொல்லைப்புறத்தில் பத்து நாட்டுக்கோழி வளர்க்க நினைப்பவர்கள் குஞ்சு வாங்கத்தான் முதலில் கணக்குப் போடுகிறார்கள். கூண்டுக்கு வீட்டில் கிடக்கும் பழைய பலகையும் தகரமும் போதும் என்று விட்டுவிடுவார்கள். ஒரே ஒரு ராத்திரி கீரியோ மரநாயோ உள்ளே நுழைந்தால் அத்தனை கோழியும் காலி. எனவே செலவை முதலில் வலையில் போடுங்கள்.

கடைகளில் 'கோழி வலை' என்று கேட்டால் அறுகோணக் கண் உள்ள மெல்லிய கம்பிவலையைத்தான் தருவார்கள். அது கோழியை உள்ளே வைக்கும்; நாயை வெளியே நிறுத்தாது. இழுத்தால் கிழிந்துவிடும். அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் விலை கூடுதல்தான். ஆனால் கீரி, பெருச்சாளி, பெரிய பாம்பு எதுவும் எளிதில் நுழையாது. தரை மண் என்றால் வலையை ஓர் அடி ஆழம் புதைக்க வேண்டும். சிமெண்ட் தரை போட்டால் அந்த வேலை மிச்சம். அதன் மேல் நெல் உமியோ தேங்காய் நார்க்கழிவோ இரண்டு, மூன்று அங்குலம் பரப்பலாம். ஈரமானால் உடனே மாற்றணும்.

அடுத்தது கூரை. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது, வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் வெறும் தகரத்தின் கீழ் அதை அடைப்பது அடுப்பில் வைத்த மாதிரி. தென்னங்கீற்று குளுகுளுவென்று இருக்கும். ஆனால் ஓரிரு வருஷத்தில் மாற்ற வேண்டிவரும், உண்ணியும் ஒளிந்துகொள்ளும். தகரம் போட்டு அதன் மேல் கீற்றைப் பரப்புவதுதான் நடைமுறைக்கு நல்லது. பழைய நாட்டு ஓடு கிடைத்தால் இன்னும் நல்லது. ஆஸ்பெஸ்டாஸ் வேண்டாம். அறுக்கும்போது பறக்கும் தூசு புற்றுநோய் வரவழைக்கும், ஆபத்து கோழிக்கல்ல, உங்களுக்கு.

சட்டத்துக்குச் சவுக்குக் கம்பு மலிவு. மூங்கிலும் சரிதான், ஆனால் பிளவுகளில் பூச்சி சேரும் என்பதால் அவ்வப்போது சுண்ணாம்பு அடிக்கணும். பழைய கதவு, ஜன்னல் பலகையில் உள்ள பெயிண்டில் ஈயம் இருக்கலாம். கோழி கொத்தித் தின்னும்.

பத்துக் கோழிக்கு 20 சதுர அடி, அதாவது 5க்கு 4 அடி போதும். நீளவாக்கு கிழக்கு மேற்காக இருந்தால் வெயில் நேராக உள்ளே விழாது.

வேலை முடிந்ததும் வெட்டிப்போட்ட கம்பித் துண்டுகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு அப்புறம் கோழியை விடுங்கள். துத்தநாகம் பூசிய அந்தத் துண்டுகளை விழுங்கினால் விஷமாகிவிடும்.