நிலைப்பேழை கூறும் வரலாறு

நம் குடியிருப்பில் மரத்தாலோ இரும்பாலோ ஆன அலமாரி ஒன்றேனும் இல்லாத இல்லம் அரிது. அலமாரி என்பது போர்த்துகேசியர் வழியே நமக்கு வந்த சொல். பீரோ என்பது பிரெஞ்சு மொழியிற் பிறந்த சொல். அம்மொழியில் அது முதலில் எழுதுமேசைமீது விரிக்கும் முரட்டுத் துணியையும், பின்னர் அம்மேசையையும், அதன்பின் அலுவலகத்தையும் குறித்தது. பகலெல்லாம் அலுவலகத்திற் கோப்புகளோடு உறவாடும் நமக்கு, இச்சொல்லின் வழியே ஒரு வரலாற்றை நாடும் ஆவல் எழுந்ததில் வியப்பில்லை.

தூண்களும், சிங்க முகங்களும், கனிக் கொத்துகளும் செதுக்கப்பட்ட கனத்த நிலைப்பேழைகளைப் பழைய மாளிகைகளில் அன்பர்கள் சிலர் கண்டிருக்கலாம். பிரெஞ்சு நாட்டில் இவ்வகைப் பேழைகளுக்கு 'இரண்டாம் ஹென்றி பாணி' என்று பெயர். அம்மன்னன் 1547 முதல் 1559 வரை ஆண்டவன். குதிரைமீதமர்ந்து ஈட்டி கொண்டு பொரும் விளையாட்டிற் காயமுற்று மாண்டவன். அவன் காலத்தில் இத்தாலியக் கலையின் சாயல் பிரெஞ்சுத் தச்சர் கைகளிலும் படிந்தது. மாளிகை முகப்புக்குரிய தூண்களும் சிற்பங்களும் மரப்பேழையின்மீதும் ஏறின.

ஆனால் இன்று நாம் காணும் பேழைகளுட் பெரும்பாலானவை அம்மன்னன் காலத்தவை அல்ல. ஏறத்தாழ 300 ஆண்டுகள் கழித்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில், பழைய பாணியை மீட்டெடுத்துச் செய்யப்பட்டவை. இந்த மீட்சி ஏன் நிகழ்ந்தது?

1789ஆம் ஆண்டுப் புரட்சியில் அரண்மனைகளின் பொருள்களும் மடங்களின் பொருள்களும் சிதறுண்டன. இழந்த பின்னரே அருமை தெரிந்தது. து சொமராரு என்னும் அறிஞர், பழம்பொருள்களைத் தேடித் திரட்டிப் பாரிசு நகரின் குளூனி மாளிகையிற் சேர்த்து வைத்தார். அவர் 1842இல் மறைந்தார்; அடுத்த ஆண்டு அரசாங்கமே அச்செல்வத்தை வாங்கி அருங்காட்சியகமாக்கியது. முன்னோர் கைத்திறனைக் கண்ணாரக் கண்ட மக்களுக்கு, அதனைத் தம் இல்லத்திலும் காணும் வேட்கை பிறந்தது.

அவ்வேட்கையை நிறைவேற்றியவர்கள் பாரிசின் செந்தந்துவான் புறநகர்த் தச்சர்கள். தொழிற்குழுக்களின் கட்டுப்பாடின்றித் தொழில் செய்யும் உரிமையை 1657இல் அரசாணை அவர்களுக்கு உறுதி செய்திருந்தது. 1791இல் அக்குழுக்களே நாடெங்கும் ஒழிந்தன. அந்நாட்டில் நுண்தச்சருக்கு 'எபெனிஸ்து' என்று பெயர். கருங்காலி மரத்தின் பெயரால் அமைந்த சொல் அது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வளரும் கருங்காலி நமக்கு அறிமுகமான மரமே.

இத்துறையிற் புகழ் பெற்றது ஃபூர்தினுவா குடும்பம். 1851இல் லண்டன் மாநகரில் நடந்த பெருங்கண்காட்சிக்குத் தந்தையார் அனுப்பிய அக்ரூட் மரப் பேழையில் நான்கு கண்டங்களும் நான்கு மகளிராக நின்றன. ஆசிய மகள் தேயிலை ஏந்தியிருந்தாள். அதற்கு உயரிய பதக்கம் கிடைத்தது. மகனார் 1867ஆம் ஆண்டுப் பாரிசு கண்காட்சியில் வைத்த கருங்காலிப் பேழையை லண்டன் அருங்காட்சியகம் 2,750 பவுன் கொடுத்து வாங்கியது. விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் என்று இன்று வழங்குவது அதுவே.

அப்பேழையின் நுட்பம் ஒன்றை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம். வேற்று நிற மரத்தைப் பதிப்போர் பெரும்பாலும் மெல்லிய தகடாக அறுத்து மேலே ஒட்டுவர். இவரோ வேற்று மரத்தைப் பலகையின் முழுக் கனத்திற்கும் ஊடுருவச் செலுத்தி, பின்னரே உளி கொண்டு செதுக்கினார். உளி எவ்வளவு ஆழம் சென்றாலும் அந்நிறம் மாறாது.

பின்னர் இயந்திரங்கள் வந்தன. கடைசல் தூண்களும் ஒட்டுச் சிற்பங்களும் மலிந்தன. நடுத்தரக் குடும்பங்களின் உணவறைகளிலெல்லாம் 'இரண்டாம் ஹென்றி' நுழைந்தான். உருவம் பழையதாயிருந்தும், உள்ளீடு மறைந்தது. இருபதாம் நூற்றாண்டில் மக்களின் சுவை மாறியபோது, அப்பேழைகளைச் சுமையெனக் கருதி ஒதுக்கினர்.

இவ்வரலாற்றை நம் சங்கத்தாருக்குக் கூறக் காரணம் உண்டு. நாமும் பிறந்த மண்ணை விட்டு வந்து, பழமையை மீட்டெடுக்க முயல்வோரே. ஆண்டுவிழா மேடையில் நம் சிறுவர் தமிழ்ப் பாட்டைப் பிற எழுத்தில் எழுதி வைத்துப் பாடுவதைக் கேட்டுக் கைதட்டுகிறோம். நம் இல்லத்திலும் அக்குறை உண்டு. பாட்டி எழுதிய கடிதத்தை நம் மகன் நம்மிடம் கொடுத்தே படிக்கச் சொல்கிறான். ஒட்டிய தகடு ஒரு கோடை வெப்பத்திற்கே பெயர்ந்துவிடும். ஆண்டுக்கொரு நாள் மட்டும் பூசும் தமிழும் அத்தகையதே.

மாலையில் அரைமணி நேரம் குழந்தையை அருகில் இருத்தி, அகர முதல் எழுத்துகளைக் கற்பிப்போமாக. அடுத்த கடிதத்தை அவனே படிக்கட்டும். நாமும் இன்று மாலையே தொடங்கவிருக்கிறோம்.