தகராறு

மனைவியை அடித்தவனைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் 'குடும்பத் தகராறு' என்று சொல்லி முடித்துவிடும் வழக்கம், அரபுச் சொற்கள் நன்கு பழகிய எங்கள் கடையநல்லூரிலும் வேரூன்றியிருப்பது என் மனத்தை மிகவும் வருத்துகிறது. அரபியில் 'திரும்பத் திரும்பச் செய்தல்' என்று அர்த்தம் தரும் 'தக்ரார்' என்னும் பதம், பாரசீகத்தின் வழியே வந்து உருது பாஷையில் வாக்குவாதமாகி, தமிழில் சச்சரவு முதல் இயந்திரக் கோளாறு வரை விரிந்துவிட்டது. சச்சரவென்றால் இரு கட்சிகள் உண்டு. அடியிலோ ஒருவன் செய்கிறான், மற்றொருத்தி படுகிறாள். பிணக்கு, பூசல் என்னும் நம் சொற்களும் இருவருக்கும் பொதுவானவையே. ஆகையால், கணவன் இழைக்கும் கொடுமைக்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கும் பாரதிய நியாய சம்ஹிதையின் 85-ஆம் பிரிவும், பாதுகாப்பு உத்தரவை மீறுகிறவனுக்கு ஓராண்டு வரை சிறையோ 20,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கும் 2005-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டமும் தடுக்க முனையும் செயலை, 'வன்முறை' என்று வாய்விட்டுச் சொல்வதே நியாயம்.